லேப்ல புதுசா சேர்ந்திருக்கீங்களா, முதல்ல டியூப் மேல பேர் எழுதப் பழகுங்க

எங்க லேப்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் புதுசா சேருவாங்க, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகையில ஒருத்தர், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணு ரெண்டு பேர்னு. வந்த முதல் வாரம் எல்லாரும் கேக்கறது டிஎன்ஏவ நகலெடுக்கற பிசிஆர் எப்படி செட் பண்றது, ப்ரோட்டீனக் கண்டுபிடிக்கற வெஸ்டர்ன் எப்படி ஓட்டறதுன்னுதான். அதெல்லாம் ரெண்டு மாசத்துல கைக்குப் பழகிடும், சீனியர் யாராவது கூட நின்னு சொல்லித் தருவாங்க. ஆனா பண்ணத எங்க எழுதறது, எங்க வைக்கறது, ஆறு மாசம் கழிச்சு எப்படித் தேடி எடுக்கறதுன்னு யாரும் கேக்கறதும் இல்ல, சொல்லித் தர்றதும் இல்ல. நான் சேர்ந்தப்பவும் எனக்கு யாரும் சொல்லல, பட்டுத்தான் கத்துக்கிட்டேன். மாலிக்யூலர் பயாலஜி பெஞ்ச்ல எட்டு வருஷம் ஆச்சு, அதுல கைக்கு வந்தத இங்க எழுதறேன், கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கறவங்களுக்கும் பாதிக்கு மேல ஒத்துவரும்னு நினைக்கறேன்.

பிஎச்டி ரெண்டாவது வருஷம் ஒரு க்ளோனிங், அதாவது ஒரு ஜீன ப்ளாஸ்மிட்ங்கற வட்ட டிஎன்ஏவுல சேர்த்து பாக்டீரியாவுல வளர்க்கறது, ரொம்ப நாளா வராம இருந்தது, கடைசில ப்ளேட்ல காலனி (பாக்டீரியா கூட்டம்) வந்துச்சு. நாலு காலனி எடுத்து ப்ளாஸ்மிட் ப்ரெப் பண்ணி மூடி மேல 1, 2, 3, 4ன்னு எழுதி மைனஸ் 20ல வச்சுட்டு, டிஎன்ஏ எழுத்து வரிசையப் படிக்கற சீக்வென்சிங்குக்கு அனுப்பினேன். ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆச்சு, அதுக்குள்ள இன்னொரு ஜீனுக்கும் அதே மாதிரி நாலு ப்ரெப் பண்ணி அதே டப்பாலயே வச்சிருந்தேன். ரிசல்ட்ல மூணாம் நம்பர் க்ளோன் சரியா இருக்குன்னு வந்துச்சு, சந்தோஷமா ஓடிப்போய் டப்பாவத் திறந்தா ரெண்டு 3 இருக்கு, ரெண்டுமே நீல மார்க்கர், ரெண்டுமே என் கையெழுத்து. ஒண்ணுல இருந்து இன்னொண்ண பிரிச்சுச் சொல்ல ஒரு வழியும் இல்ல, எட்டு டியூபையும் திரும்ப என்சைம் போட்டு வெட்டிப் பார்த்தா உள்ள சேர்த்த ரெண்டு ஜீன் துண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ், மறுபடி சீக்வென்சிங், மறுபடி ரெண்டு வாரம். மூடியில இன்னும் நாலு எழுத்து சேர்த்து எழுதியிருந்தா அந்த ரெண்டு வாரம் மிச்சம்.

அன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கத்த இன்னிக்கு வரைக்கும் விடல. ரொம்ப சிம்பிள். நோட்டுக்கு ஒரு நம்பர், நோட்டுல பக்கத்துக்கு நம்பர், அந்தப் பக்கத்துல பிறந்த டியூபுக்கு ஒரு நம்பர். என்னோட ரெண்டாவது நோட்டு, 47ஆம் பக்கம், மூணாவது டியூப்னா மூடி மேல 2-47-3, அவ்வளவுதான். ஒன்றரை எம்எல் டியூபோட மூடியில இது தாராளமா அடங்கும். பக்கவாட்டுல என்னோட இனிஷியல், தேதி, உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை. இப்படி எழுதினா உலகத்துலயே 2-47-3ன்னு உங்ககிட்ட ஒரே ஒரு டியூப்தான் இருக்கும், அது என்னன்னு தெரியணும்னா நோட்ட எடுத்து அந்தப் பக்கத்தத் திறந்தா போதும், எந்த வெக்டர் (ஜீனச் சுமக்கற ப்ளாஸ்மிட்), எந்த ப்ரைமர் (பிசிஆர ஆரம்பிக்கற சின்ன டிஎன்ஏ துண்டு), என்ன கான்சன்ட்ரேஷன்னு எல்லாம் அங்க இருக்கும். அந்த டியூப்ல இருந்து எடுத்து பாக்டீரியாவுக்குள்ள செலுத்தி ட்ரான்ஸ்ஃபார்ம் பண்ணீங்கன்னா புதுப் பக்கத்துல "2-47-3ல இருந்து"ன்னு எழுதுவீங்க, அப்ப ஒவ்வொரு டியூபுக்கும் அப்பா அம்மா யாருன்னு பின்னாடி போய்க்கிட்டே பார்க்கலாம்.

மார்க்கர் விஷயத்துல கஞ்சத்தனம் பார்க்காதீங்க. சாதாரண பர்மனென்ட் மார்க்கர்னு கடையில வாங்கறது தண்ணிக்குத் தாங்கும், எத்தனால் பட்டா போச்சு. ஹூட்ல (சுத்தமான காத்து ஓடற பெட்டி) வேலை பாக்கறப்ப கையில எத்தனால் இருக்கும், அதே கையால டியூப எடுப்பீங்க, மூடி மேல எழுதினது நீலமா உங்க க்ளவ்ஸ்ல ஒட்டிக்கும், மூடி வெள்ளையா நிக்கும். அதனால எத்தனாலுக்கு அழியாத லேப் மார்க்கர் ஒண்ணு தனியா வாங்கி கோட் பாக்கெட்லயே வச்சுக்கோங்க. நிரந்தரமா வைக்கற ஸ்டாக்குக்கு பென்சில்ல எழுதினாக்கூட நல்லது, பென்சில் எழுத்து எத்தனாலுக்கு அழியாது, ஆனா டியூப்ல எழுதப் பரப்பு சொரசொரப்பா இருக்கணும். லிக்விட் நைட்ரஜன்ல போற வயலுக்கு அதுக்குன்னே இருக்கற க்ரையோ லேபிள்தான் ஒட்டணும், மைனஸ் 196 டிகிரில சாதா ஸ்டிக்கர் உரிஞ்சு தொட்டிக்கு அடியில கிடக்கும். அப்புறம் மூடியில மட்டும் எழுதாதீங்க, டியூபோட உடம்புலயும் எழுதுங்க, ரெண்டு டியூப ஒரே நேரத்துல திறந்தா மூடி மாறிப்போக ஒரு நொடி போதும்.

பேர் மாறினா என்ன ஆகும்னு எங்க துறையில பெரிய கதையே இருக்கு. ஹீலா செல்கள் 1951ல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட கேன்சர் கட்டியில இருந்து எடுத்தது, ரொம்ப வேகமா வளரும். 1966ல ஸ்டான்லி கார்ட்லர்ங்கறவர் 18 மனுஷ செல் லைன்கள (லேப்ல தொடர்ந்து வளர்க்கற செல்கள்) எடுத்து ஒரு என்சைமோட வகையப் பார்த்தார், 18லயும் ஹீலால இருக்கற அதே வகைதான் இருந்துச்சு. அதாவது வேற வேற திசுன்னு பேர் போட்டு உலகம் பூரா வளர்த்துக்கிட்டு இருந்ததுல எல்லாம் ஹீலா புகுந்திருந்தது. ஒரே பிப்பெட்ட ரெண்டு ஃப்ளாஸ்க்ல விட்டா, ஒரே மீடியா பாட்டில ரெண்டு செல்லுக்கும் பயன்படுத்தினா ஒரு துளில அது போய்ச் சேர்ந்துடும், கொஞ்ச நாள்ல பழைய செல்ல அமுக்கிட்டு அதுவே நிறைஞ்சுடும், ஃப்ளாஸ்க் மேல பேர் மட்டும் பழசாவே இருக்கும். அதனால ஹூட்ல ஒரு நேரத்துல ஒரே செல் லைன், அதுக்குன்னு தனி மீடியா பாட்டில், பாட்டில் மேல அந்த செல்லோட பேர், வேகமா வளர்றத கடைசியில எடுங்க. மாசம் ஒரு தடவை மைக்கோப்ளாஸ்மா (கண்ணுக்குத் தெரியாம செல்லக் கெடுக்கற பாக்டீரியா) டெஸ்ட், அத காலண்டர்லயே குறிச்சு வச்சிடுங்க, ஞாபகம் இருக்கறப்ப பண்ணலாம்னா பண்ணவே மாட்டீங்க.

நோட்டு எழுதறது

இதுல எனக்கு ரொம்ப அழுத்தமான கருத்து இருக்கு. வேலை நடக்கறப்பவே எழுதணும், பெஞ்ச் மேலயே எழுதணும். சாயங்காலம் ரூமுக்குப் போய் நிதானமா அழகா எழுதிக்கலாம்னு நினைக்கறவங்கதான் அதிகம், அப்படி எழுதறது ப்ரோட்டோகால்ல என்ன போட்டிருக்கோ அதத்தான் எழுதுவீங்க, நீங்க பண்ணத எழுத மாட்டீங்க. ப்ரோட்டோகால்ல 42 டிகிரில 45 செகண்ட் ஹீட் ஷாக்னு இருக்கும், நீங்க அன்னிக்கு யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பினதுல ஒன்றரை நிமிஷம் ஆயிருக்கும், சாயங்காலம் எழுதறப்ப 45 செகண்ட்னுதான் கை எழுதும். காலனி ஏன் வரலன்னு அப்புறம் எந்த நோட்டப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாள் பழைய லேப் கோட்டத் துவைக்கப் போட எடுத்தேன், பாக்கெட்ல ஒரு நீல க்ளவ்ஸ் துண்டு, கத்தரிச்சு எடுத்தது, அதுல பேனாவால நாலு நம்பர், 0.38, 0.41, 0.40, 0.12. பார்த்தா ஓடி (கல்ச்சர் எவ்வளவு கலங்கியிருக்குங்கற அளவு) ரீடிங்னு தெரியுது. எந்த கல்ச்சர், எந்த நாள், 0.12 எதுக்கு வந்துச்சு, ஒண்ணும் தெரியல. அன்னிக்கு ஸ்பெக்ட்ரோ ரூமுக்கு நோட்டு எடுத்துட்டுப் போகல, க்ளவ்ஸ்ல எழுதிக்கிட்டு அப்புறம் மாத்தி எழுதலாம்னு வச்சிருக்கேன். டிஷ்யூ பேப்பர், டிப் பாக்ஸ் மூடி, உள்ளங்கை, இதுலெல்லாம் எழுதற பழக்கம் எல்லா லேப்லயும் இருக்கு, உங்களுக்கு வந்துடாமப் பார்த்துக்கோங்க. நோட்டு எடுத்துட்டுப் போக முடியாத ரூம்னா ஒரு சின்ன பாக்கெட் டைரி வச்சுக்கோங்க, தேதியோட எழுதி, திரும்பி வந்ததும் அந்தத் தாளக் கிழிச்சு நோட்டுலயே ஒட்டிடுங்க, பார்த்து எழுதக்கூட வேண்டாம், ஒட்டினா போதும்.

நோட்டு பைண்ட் பண்ணதா இருக்கணும், ஸ்பைரல் வேண்டாம், தாள் கழண்டு வந்துடும். முதல் நாளே உக்கார்ந்து எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போட்டுடுங்க, முதல் நாலு பக்கம் பொருளடக்கத்துக்கு விடுங்க. பேனாலதான் எழுதணும், தப்பா எழுதினா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சு பக்கத்துல சரியானத எழுதி தேதி போடுங்க, ஒயிட்னர் கூடவே கூடாது, பக்கத்தக் கிழிக்கவும் கூடாது. அடிச்சதுக்குக் கீழ இருக்கற நம்பர்தான் சரின்னு பின்னாடி தெரிய வந்த சம்பவம் எனக்கே ரெண்டு தடவை நடந்திருக்கு.

எதெல்லாம் எழுதணும்னு கேப்பாங்க. என்ன கேள்விக்காக இந்த எக்ஸ்பெரிமென்ட்னு ஒரு வரி, இது முக்கியம், நிறைய பேர் விட்டுடுவாங்க, நாலு மாசம் கழிச்சு எதுக்கு இதப் பண்ணோம்னே தெரியாது. அப்புறம் என்சைம், ஆன்டிபாடி, சீரம் இதுக்கெல்லாம் கேட்டலாக் நம்பர், லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுப்புன்னு). சீரம் லாட் மாறினா செல் வளர்ற வேகமே மாறும், அதனால லாட் நம்பர் இல்லாத நோட்டு பாதி நோட்டு. பஃபர் எந்த டெம்பரேச்சர்ல பிஎச் செட் பண்ணீங்கன்னு எழுதுங்க. நம்ம ஊர்ல ஏசி ஓடற ரூம்லயும் ஓடாத ரூம்லயும் பத்து டிகிரி வித்தியாசம் வந்துடும், டிரிஸ் பஃபர் டெம்பரேச்சருக்கு ரொம்ப ஆடும், 25 டிகிரில 8.0ன்னு செட் பண்ணத கோல்ட் ரூமுக்குள்ள கொண்டுபோய் வச்சா 5 டிகிரில கிட்டத்தட்ட 8.6 காட்டும். ப்ரோட்டீன் ப்யூரிஃபை பண்றவங்க இதுல மாசக்கணக்கா சிக்கியிருக்காங்க.

வராத எக்ஸ்பெரிமென்ட்டையும் அதே அளவுக்கு எழுதுங்க. "பேண்ட் வரல"ன்னு (ஜெல்ல டிஎன்ஏ கோடு தெரியலன்னு) ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் பக்கத்தத் திருப்பாதீங்க. சைஸ் காட்டற மார்க்கர் லேடர் வந்துச்சா, பாசிட்டிவ் கன்ட்ரோல் வந்துச்சா, டெம்ப்ளேட் (நகலெடுக்க வேண்டிய டிஎன்ஏ) போடாத டியூப்ல ஏதாவது வந்துச்சா, ஜெல் படத்தையும் ஒட்டி இதையும் எழுதுங்க. அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க. அன்னீலிங் டெம்பரேச்சரையும் மாத்தி மெக்னீசியத்தையும் மாத்தி புது ப்ரைமரும் போட்டு பேண்ட் வந்துடுச்சுன்னா எதனால வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அடுத்து வராதப்ப திரும்ப மொதல்ல இருந்துதான்.

மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்ட் பண்ற கடையில வேலை கத்துக்க இருந்தவர். 1812ல ஹம்ஃப்ரி டேவியோட லெக்சர் கேட்டு எழுதின நோட்ஸ தானே பைண்ட் பண்ணி அவருக்கு அனுப்பினார், கிட்டத்தட்ட 300 பக்கம், அதுதான் அவருக்கு மறுவருஷம் லேப்ல வேலை வாங்கிக் கொடுத்துச்சு. அப்புறம் தன்னோட எக்ஸ்பெரிமென்ட் டைரியில ஒவ்வொரு பத்திக்கும் வரிசையா நம்பர் போட்டுக்கிட்டே போனார், அது 16,000ஐயும் தாண்டிப் போச்சு. புதுசா ஒண்ணு எழுதறப்ப பழைய பத்தியோட நம்பரச் சொன்னா போதும், எங்க இருந்து வந்தோம்னு தெரிஞ்சுடும். நான் டியூபுக்கு நம்பர் போடறதும் அதே வேலைதான்.

வாரத்த எப்படி அடுக்கறது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்க. இந்த வாரம் என்ன பண்ணேன், என்ன தெரிஞ்சுது, அடுத்து என்னன்னு மூணு வரி. திங்கக்கிழமை சார் கூப்பிட்டு "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்டா அந்த மூணு வரியத்தான் சொல்லப் போறீங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் வர்றப்ப அந்த மூணு வரிகளச் சேர்த்தாலே ஸ்லைடு பாதி ரெடி. அதுக்கப்புறம் அடுத்த வாரத்த எழுதுங்க, ஆனா காலையில இருந்து முன்னாடி போற மாதிரி எழுதாதீங்க, எது ராத்திரி முழுக்க இருக்கணுமோ அதுல இருந்து பின்னாடி வாங்க. வெஸ்டர்ன்னா பிரைமரி ஆன்டிபாடி ராத்திரி பூரா 4 டிகிரில இருக்கணும், அப்ப அதுக்கு முன்னாடி ப்ளாக்கிங் ஒரு மணி நேரம், அதுக்கு முன்னாடி ட்ரான்ஸ்ஃபர், அதுக்கு முன்னாடி ஜெல், அப்படிப் பின்னாடி எண்ணிக்கிட்டு வந்தா மதியம் ஒரு மணிக்காவது ஜெல் லோட் பண்ணியாகணும்னு தெரியும், ஜெல் காலையிலயே ஊத்தியாகணும். ஜெல்ல இறுக வைக்கற ஏபிஎஸ் பழசா இருந்து ஜெல் செட் ஆகலன்னா அங்கயே ஒன்றரை மணி நேரம் போகும், அதனால ஏபிஎஸ் அன்னிக்குக் கலக்குங்க, இல்லன்னா சின்ன சின்னதா பிரிச்சு மைனஸ் 20ல வச்சு எடுங்க. ட்ரான்ஸ்ஃபார்மேஷன் ப்ளேட்ட சனிக்கிழமை சாயங்காலம் இன்குபேட்டர்ல வச்சுட்டு திங்கக்கிழமை காலையில வந்து பார்க்காதீங்க. ஆம்பிசிலின் ப்ளேட்ல 16 மணி நேரத்துக்கு மேல நாள் கணக்குல விட்டா பெரிய காலனியச் சுத்தி குட்டி குட்டியா சாட்டிலைட் காலனி முளைச்சிருக்கும், பெரிய காலனி விடற என்சைம் சுத்தி இருக்கற ஆம்பிசிலின உடைச்சுடும், அதுல ப்ளாஸ்மிட் இல்லாததும் வளரும். அதத் தெரியாம எடுத்து ப்ரெப் பண்ணா வெறும் தண்ணிதான் கிடைக்கும்.

டைம் கோர்ஸ் எக்ஸ்பெரிமென்ட் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா இதுலதான் புதுசா வர்றவங்க, முக்கியமா ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்க ரொம்ப அல்லல்படறாங்க. மருந்து போட்டு 2, 4, 8, 24 மணி நேரத்துல செல்ல எடுக்கணும்னா எல்லாத்துக்கும் காலையில பத்து மணிக்கு மருந்து போட்டுட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மூணாவதா எடுத்துட்டு, மறுநாள் பத்து மணிக்கு ஓடி வர்றாங்க, நடுவுல 12 மணி நேரம்னு ஒண்ணு இருந்தா ராத்திரி பத்து மணிக்கு லேப்ல இருக்கணும், கேட் மூடிடுவாங்க. இதத் திருப்பிப் போடுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுக்கற மாதிரி வைங்க, மருந்து போடற நேரத்த மாத்துங்க. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கணும்னா 24 மணி நேரத்துக்கு இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மருந்து, 8 மணி நேரத்துக்கு நாளைக்குக் காலையில ஒன்பது, 4க்கு மதியம் ஒண்ணு, 2க்கு மூணு மணி, சைபருக்கு மருந்தே இல்ல. அஞ்சு மணிக்கு எல்லா ப்ளேட்டையும் ஐஸ் மேல வச்சு ஒரே பஃபர்ல ஒரே கையோட எடுத்தா வேலையும் குறைவு, சேம்பிளுக்கு சேம்பிள் வித்தியாசமும் குறைவு.

ஒரு நாளைக்கு ரெண்டு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு மேல கையில எடுக்காதீங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சும்மா ஓடிக்கிட்டு இருக்கறது. நாலு எடுத்தா நாலுலயும் ஒரு ஸ்டெப் தவறும், அப்புறம் நாலையும் திரும்பப் பண்ணணும், அப்படிப் பண்ணிக்கிட்டே வருஷக்கணக்கா பிஸியா இருந்தவங்களப் பார்த்திருக்கேன், பார்க்கக் கஷ்டமா இருக்கும். நடுவுல ஒரு மணி நேரம் கிடைச்சா பேப்பர் படிக்க உக்காராதீங்க, பேப்பர் படிக்க மனசு ஒட்டணும், டைமர் அடிச்சதும் அறுந்துடும். அந்த நேரத்துக்குன்னு சின்ன வேலை வச்சிருங்க: நாளைக்கு வேணுங்கற டியூபுக்கெல்லாம் பேர் எழுதி ராக்ல அடுக்கறது, காலையில எடுத்த ஜெல் படத்துக்குப் பேர் வைக்கறது, ப்ரைமர 100 மைக்ரோமோலார்ல இருந்து 10க்கு டைல்யூட் பண்றது, டிப் பாக்ஸ் நிரப்பி ஆட்டோக்ளேவுக்கு வைக்கறது. பேப்பர் படிக்க காலையில பெஞ்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் தனியா எடுங்க. டைமர் தனியா வாங்குங்க, மூணு சேனல் இருக்கறதா வாங்குங்க, போன்ல டைமர் வச்சா க்ளவ்ஸ் போட்ட கையால போனத் தொடுவீங்க, ஜெல் ஊத்தற அக்ரிலமைட் பட்ட கை, அது நரம்புக்கு விஷம், அதே போன சாப்பிடறப்பவும் தொடுவீங்க.

பிசிஆர் மாதிரி நிறைய டியூப் போடற வேலையில மாஸ்டர் மிக்ஸ் கணக்க முதல் நாளே நோட்டுல போட்டு வைங்க, பத்து ரியாக்ஷன்னா பதினொண்ணுக்குப் போடுங்க, பிப்பெட்ல ஒட்டற அளவுக்கு அது சரியா இருக்கும். ஒவ்வொண்ணையும் சேர்த்ததும் நோட்டுல டிக் போடுங்க. இது சின்னப் பிள்ளைங்க மாதிரி இருக்கேன்னு தோணும், ஆனா யாராவது வந்து "அக்கா, ஒரு நிமிஷம்"னு கூப்பிட்டுட்டுப் போனப்புறம் என்சைம் போட்டோமா இல்லையான்னு கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறதுக்கு டிக் போடறது எவ்வளவோ மேல்.

ஃப்ரீசர், ஸ்டாக், இண்டென்ட்

ஃப்ரீசர் டப்பால 9க்கு 9னு 81 குழி இருக்கும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு மேப், எந்தக் குழியில எந்த நம்பர்னு. அத கம்ப்யூட்டர்லயும் வைங்க, ப்ரின்ட் எடுத்து ஃப்ரீசர் கதவுலயும் ஒட்டுங்க, கதவுல ஒட்டறது ரொம்ப முக்கியம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் கரண்ட் போய் நாள் கணக்குல வரல, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்துபோகும்னு தெரிஞ்சதும் இருக்கற கொஞ்ச ட்ரை ஐஸ்ல எத வைக்கறது எத விடறதுன்னு முடிவு பண்ணணும். மைனஸ் 80 கதவத் திறக்காம வச்சா பல மணி நேரம் தாங்கும், திறந்து வச்சுத் தேடினா நிமிஷத்துல ஏறிடும். கதவுல மேப் ஒட்டியிருந்த ரெண்டு ராக்ல இருந்து வேணுங்கறத ரெண்டு நிமிஷத்துல உருவி எடுத்துட்டோம். மேப் இல்லாத ராக்ல யாரோடது எதுன்னு தெரியாம ஒவ்வொரு டப்பாவா டார்ச் அடிச்சுப் பார்த்தோம், அதுல ஒரு அண்ணா மூணு வருஷமா சேர்த்து வச்சிருந்த ஆர்என்ஏ சேம்பிள் இருந்துச்சு, கண்டுபிடிச்சப்ப டியூப் எல்லாம் உருகித் தண்ணியா நின்னுச்சு. அவர் ஒண்ணும் பேசல, டப்பாவ மூடி வச்சிட்டுப் போய் வெளிய உக்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் எங்க லேப்ல திரும்பக் கிடைக்காத சேம்பிள எல்லாம் ரெண்டாப் பிரிச்சு வேற வேற ஃப்ரீசர்ல வைக்கறோம், அக்டோபர் மாசம் வடகிழக்குப் பருவமழை தொடங்கறதுக்கு முன்னாடியே மேப்ப எல்லாம் சரிபார்த்துடறோம்.

எந்த பாட்டிலத் திறந்தாலும் திறந்த தேதியும் உங்க இனிஷியலும் எழுதுங்க. ஆன்டிபாடி, ப்ரைமர், கைனேஸ் மாதிரி விஷயத்த வந்த அன்னிக்கே சின்னச் சின்னதா அலிகோட் பண்ணிடுங்க, ஒரே டியூப திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்சா கொஞ்ச நாள்ல செத்துப்போகும். ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம் க்ளிசரால்ல இருக்கறதால மைனஸ் 20ல உறையாது, அத அலிகோட் பண்ண வேண்டாம், ஆனா வெளிய எடுத்தா ஐஸ்லயே இருக்கணும், தானா டிஃப்ராஸ்ட் ஆகற வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது.

வாங்கற விஷயத்துல எங்க லேப் ரூல், கடைசி பாக்ஸத் திறக்கறவங்கதான் இண்டென்ட் (வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கேக்கறது) போடணும். தீர்ந்தப்புறம் போட்டா நம்ம ஊர்ல கதை முடிஞ்சுது: கொட்டேஷன் வாங்கி, சார் கையெழுத்து வாங்கி, பர்ச்சேஸ் செக்ஷன் போய், அப்புறம் கம்பெனி ஸ்டாக் இல்லன்னு சொல்லி வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு, ஒரு ஆன்டிபாடிக்கு ரெண்டு மாசம் உக்கார்ந்திருக்க வேண்டி வரும். மார்ச் 31 நெருங்கினா கிராண்ட் பணத்த செலவு பண்ணணும்னு எல்லா லேபும் ஒரே நேரத்துல இண்டென்ட் போடும், அதனால வருஷத்துக்கு என்ன வேணும்னு டிசம்பர்லயே லிஸ்ட் எடுத்து வைங்க. ஐஸ்ல வர்ற பார்சல் வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம்னு கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமை செக்யூரிட்டி ரூம்ல அது உருகிக்கிட்டு இருக்கும்.

கையில என்ன இருக்குன்னு எண்ணி லிஸ்ட் எடுக்க நல்ல நாள் ஆயுத பூஜைதான். அன்னிக்கு எப்படியும் லேபக் கழுவி சென்ட்ரிஃபியூஜ், பிசிஆர் மெஷின் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அதுக்கு முந்தின ரெண்டு நாள எடுத்துக்கோங்க, எல்லா ஷெல்ஃபும் எப்படியும் காலியாகும், அப்பவே எக்ஸ்பைரி ஆனது எது, பேர் இல்லாத டியூப் எது, எந்த ப்ரைமர் எவ்வளவு இருக்குன்னு எண்ணிடலாம். பேர் இல்லாத டியூப ஒரு டப்பால போட்டு ரெண்டு வாரம் வெளிய வைப்போம், யாரும் உரிமை கொண்டாடலன்னா போயிடும். கெமிக்கல் மட்டும் சிங்க்ல கொட்டக் கூடாது, கழிவு எடுக்க வர்றவங்ககிட்டதான் கொடுக்கணும்.

கம்ப்யூட்டர்ல இருக்கறது

ஃபைல் பேர்ல முதல்ல வருஷம், அப்புறம் மாசம், அப்புறம் தேதி, அப்புறம் நோட்டுப் பக்க நம்பர், அப்புறம் என்னன்னு ரெண்டு வார்த்தை. 2025-03-11ன்னு ஆரம்பிச்சா ஃபோல்டர் தானா நாள் வரிசையில நிக்கும், தேதிய முதல்ல எழுதினா எல்லா மாசத்து ஒண்ணாம் தேதியும் ஒண்ணாப் போய் உக்காரும். "ஃபைனல்", "புது ஃபைனல்", "ஃபைனல் சார் கரெக்ஷன்" இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஜெல் டாக் (ஜெல்லப் படம் எடுக்கற மெஷின்), மைக்ரோஸ்கோப், எதுல எடுத்த படமா இருந்தாலும் ஒரிஜினலத் தொடாதீங்க. அத ஒரு ஃபோல்டர்ல வச்சு மாத்த முடியாத மாதிரி லாக் பண்ணிட்டு, காப்பி எடுத்து அதுல வெட்டுங்க, ப்ரைட்னஸ் மாத்துங்க. பேப்பருக்கு அனுப்பறப்ப ஜர்னல் வெஸ்டர்னோட ஒரிஜினல் படத்தக் கேக்கும், அப்ப கொடுக்க முடியலன்னா உண்மையா பண்ண வேலையக்கூட யாரும் நம்ப மாட்டாங்க. மெஷின் கம்ப்யூட்டர்ல விட்டுட்டு வராதீங்க, அன்னிக்கே எடுத்துடுங்க, இடம் பத்தலன்னு யாராவது மொத்தமா அழிச்சுடுவாங்க. பென் டிரைவ்ல எடுத்தா அந்த கம்ப்யூட்டர்ல வைரஸ் நிச்சயம் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு ஸ்கேன் பண்ணிட்டு போடுங்க. மூணு காப்பி, அதுல ரெண்டு வேற வேற மாதிரி இடத்துல, ஒண்ணு லேப் இருக்கற கட்டடத்துக்கு வெளிய. தீசிஸ் எழுதற நேரத்துல லேப்டாப் போன ஒரு தோழி இருக்கா, அவ கூட உக்கார்ந்து அழுதிருக்கேன், அதனால இத ரெண்டு தடவை சொல்றேன், மூணு காப்பி.

எக்செல்ல ஜீன் பேர் வச்சிருக்கறவங்க கவனமா இருங்க. செப்ட்2ன்னு ஒரு ஜீன் இருந்துச்சு, எக்செல் அத செப்டம்பர் 2ஆம் தேதின்னு மாத்திடும், மார்ச்1ஐ மார்ச் ஒண்ணாம் தேதி ஆக்கிடும். 2016ல ஜீனோம் பயாலஜி ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வுல, எக்செல்ல ஜீன் லிஸ்ட் இணைச்சிருந்த பேப்பர்கள்ல சுமார் 5ல 1 பங்குல இந்த மாதிரி பிழை இருந்துச்சு. கடைசில 2020ல மனுஷ ஜீனுக்குப் பேர் வைக்கற கமிட்டியே அந்தப் பேர்கள மாத்தி செப்டின்2, மார்ச்எஃப்1னு வச்சுட்டாங்க. பழைய டேட்டால இன்னும் பழைய பேர்தான் இருக்கும், அதனால ஃபைலத் திறக்கறப்ப ஜீன் பேர் இருக்கற நெடுவரிசைய டெக்ஸ்ட்னு செட் பண்ணிட்டுத் திறங்க.

லேப விட்டுப் போற நாள் வரும், அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்க டப்பாக்கள ஒப்படைக்க ஆரம்பிச்சுடுங்க. நான் ஒரு ப்ராஜெக்ட் முடிச்சு மாறினப்ப ஜூனியர் பொண்ணுகிட்ட நோட்டையும் மேப்பையும் கொடுத்து, என் பேப்பர்ல இருக்கற ரெண்டாவது படத்துக்குப் பயன்படுத்தின ப்ளாஸ்மிட் எடுத்துட்டு வாம்மான்னு சொல்லிட்டு வாயத் திறக்காம உக்கார்ந்தேன். அவ படத்துல இருந்து நோட்டுப் பக்கம், பக்கத்துல இருந்து டியூப் நம்பர், நம்பர்ல இருந்து டப்பான்னு போனா. நாலாவது டப்பா, ஏழாவது வரிசை. கொண்டு வந்து கொடுத்தப்ப மூடி பனி பூத்து வெள்ளையா இருந்துச்சு, கட்டை விரலால தேச்சேன், 5-112-2ன்னு தெளிவா தெரிஞ்சுது.